லினக்ஸ் கைபேசிக்கும் வாசலைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தில் ஓடும் கைபேசிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்வலர்களின் பொழுதுபோக்குக்குச் சரி, அன்றாட வாழ்க்கைக்கு உதவாது என்று அதை எழுதியவர் முடித்திருந்தார். அன்றாடம் அந்தக் கைபேசியையே கையில் வைத்துக்கொண்டு திரிகிறவள் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது. நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் இல்லை. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே இதை ஒரு நிபுணரின் மறுப்பாக எண்ணாமல், பயன்படுத்துகிறவரின் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தானே என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே கெர்னல்தான், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதிதான், ஆண்ட்ராய்டுக்கும் அடித்தளம். ஆனால் அதற்கு மேலே கட்டப்பட்டிருப்பது முற்றிலும் வேறு கட்டடம். நான் சொல்லும் கைபேசிகளில், மேசைக்கணினியில் ஓடும் லினக்ஸ் மென்பொருள்கள் பலவும் சிறிய திரைக்கு ஏற்றபடி ஓடுகின்றன. போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், மோபியன், உபுண்டு டச், செயில்ஃபிஷ் என்று இவற்றுக்கான இயங்குதளங்கள் பல உண்டு. என்னிடம் இருப்பது போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ். 2017இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு கைபேசி பத்தாண்டு உழைக்க வேண்டும் என்பதுதான் இதைத் தொடங்கியவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. அந்த ஒரு வரிதான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

என் கைபேசி 2018இல் சந்தைக்கு வந்தது. திரையில் கீறல் இல்லை, நினைவகம் போதும், வேகம் இன்றைக்கும் குறையவில்லை. தயாரித்த நிறுவனம் மட்டும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. வன்பொருள் நன்றாக இருக்கும்போதே ஒரு கருவி எப்படிக் காலாவதியாகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கைபேசியின் சில்லைச் (சிப்) செய்யும் நிறுவனம், லினக்ஸ் கெர்னலின் ஒரு பதிப்பை எடுத்துத் தன் சில்லுக்கு ஏற்ப வெட்டி ஒட்டித் தனிக்கிளையாக வைத்துக்கொள்கிறது. என் கைபேசி வந்தபோது அதில் இருந்தது 4.9 என்ற பதிப்பு. அது 2016 டிசம்பரில் வெளியானது. அந்தப் பதிப்புக்கான பொதுவான பராமரிப்பு 2023 ஜனவரியில் முடிந்துபோனது. தனிக்கிளையைப் பிறகு தொடுவாரில்லை. தயாரிப்பாளர் புதிய மாடல்களை விற்கப் போய்விடுகிறார். நம் கையில் இருப்பது பூட்டிய பெட்டியாகிவிடுகிறது.

தன்னார்வலர்கள் சிலர் இந்தச் சில்லுக்குரிய இயக்கிகளை, அதாவது வன்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் நிரல்களை, பல ஆண்டுகள் உழைத்து லினக்ஸின் பொதுவான மூலக் கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் என் கைபேசியில் இப்போது ஓடுவது 6 என்று தொடங்கும் பதிப்பு. தயாரிப்பாளர் கைவிட்ட பொருளுக்கு, முகம் தெரியாத மனிதர்கள் புதிய பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இனி அன்றாடத்துக்கு வருகிறேன். அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், இணையம், பாட்டு, மின்னூல் எல்லாம் நடக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி மேசைக்கணினியில் இருக்கும் அதே முழு உலாவி. வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வழி காட்டுகிறது. பயணச்சீட்டுகளைக் கேடிஇ ஐட்டினரரி என்ற செயலியில் போட்டுவைக்கிறேன். மின்னஞ்சலில் வந்த சீட்டைத் தானே படித்து, எந்த நாள், எத்தனை மணி என்று வரிசைப்படுத்திக்கொள்கிறது. அது என் பயண விவரத்தை யாருக்கும் அனுப்பாமல் கைபேசிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு முக்கியம்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்தக் கைபேசியை நான் கைவிட மறுப்பதற்குக் காரணமே அதுதான். மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழின் ஒரே எழுத்தை இரண்டு விதமாகப் பதிவுசெய்ய முடியும். ‘கொ’ என்பதில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்தும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பல மென்பொருள்களின் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கணினிப் பிரதிகளில் இந்தக் கலப்பு சகஜம். ‘கொண்டான்’ என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படும், மீதி பாதி நழுவிவிடும். நழுவியவை அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

இதைச் சரிசெய்யப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சில வரிகள் போதும். யூனிகோடு வடிவங்களை ஒருமைப்படுத்தும் வசதி அந்த மொழியோடு சேர்ந்தே வருகிறது. நண்பர் ஒருவர் எழுதித் தந்தார். அந்த நிரல் என் மேசைக்கணினியில் எப்படி ஓடுகிறதோ அப்படியே கைபேசியிலும் ஓடுகிறது. ஓர் எழுத்து மாற்றவில்லை. அண்மையில் நான் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். ஒரு நாவலின் பக்கங்கள் அச்சுக்குப் புறப்படும் நேரம். நாயகியின் பெயர் சில இடங்களில் ‘வைதேகி’, சில இடங்களில் ‘வைதேஹி’ என்று இருப்பதாக நூலாசிரியருக்கு ஐயம். சிங்க்திங் என்ற மென்பொருள் என் கணினியில் உள்ள கோப்புகளையும் கைபேசியில் உள்ளவற்றையும் எப்போதும் ஒன்றாகவே வைத்திருக்கும். கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்தேன். கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் என்ற பழைய கட்டளையைக் கொடுத்தேன். எல்லா அத்தியாயங்களிலும் ‘வைதேஹி’ எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்று பட்டியல் வந்தது. அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டபோது உள்ளே போனேன். இதற்காக நான் எந்தச் செயலியையும் வாங்கவில்லை. எந்த நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கும் ஓர் ஆசிரியரின் அச்சேறாத நாவலை ஏற்றவும் இல்லை.

தட்டச்சுப் பலகையும் அப்படித்தான். என் திரையில் வருவது ஸ்க்வீக்போர்டு என்ற பலகை. எந்த விசையை எங்கே வைப்பது, அழுத்தினால் எந்த எழுத்து வரவேண்டும் என்பதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக்கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது. மெய்ப்புக்கு எனக்கு அடிக்கடி தேவைப்படும் குறிகளையும், வளைந்த மேற்கோள்களையும், ஆய்த எழுத்தையும் விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்து எனக்கென்று ஒரு பலகையை அமைத்துக்கொண்டேன். ஒரு கருவியை வாங்கியவர் அதைத் தன் கைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம் என்பது எவ்வளவு இயல்பான உரிமை! கைபேசி வந்த நாளிலிருந்து அதை நாம் மறந்தேவிட்டோம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படம் எடுப்பது சுமார்தான். பக்கத்தைப் படமெடுத்து எழுத்தைப் படிக்கப் போதும். குடும்பப் படங்களுக்குப் போதாது. மின்கலம் மாலைக்குள் ஒருமுறை மின்னேற்றம் கேட்கிறது. கைபேசியை ஆழ்ந்த உறக்கத்தில் விட்டால் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் அந்த உறக்கத்திலிருந்து கடிகாரச் செயலியின் அலாரம் அதைத் தானாக எழுப்பிவிடாது. உள்ளே இருக்கும் வன்பொருள் கடிகாரத்துக்கு, இந்த நேரத்தில் விழித்தெழு என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். அதற்குத் தனி ஏற்பாடுகள் இருக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் விடியற்காலைப் பயணம் என்றால் மேசைக் கடிகாரத்தையும் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது அழைப்புச் சிக்கல். 4ஜி அலைவரிசையிலேயே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்இ முறை, இந்தக் கைபேசிகள் எல்லாவற்றிலும் வேலை செய்வதில்லை. என்னுடையதில் அழைப்பு வந்தால் அது பழைய (2ஜி, 3ஜி) அலைவரிசைக்கு இறங்கித்தான் பேசுகிறது. பழைய அலைவரிசைகளைப் பல நாடுகளில் மூடிவிட்டார்கள், மற்ற இடங்களிலும் மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவசர அழைப்பு ஒன்றையே நம்பியிருக்கும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இன்றைய நிலையில் இதை ஒரே கைபேசியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கட்டுரையாளர் இந்த இடத்தில் நின்று எச்சரித்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அவர் நின்ற இடம் வேறு: வங்கிச் செயலி ஓடவில்லை, ஆகவே கைபேசி உதவாது என்றார். அந்த ‘ஆகவே’யைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

என் வங்கிக் கணக்கை நெடுங்காலமாக உலாவி வழியாகவே இயக்கிவந்தேன். கடவுச்சொல்லைக் கொடுப்பேன், குறுஞ்செய்தியில் ஓடிபி வரும், வேலை முடியும். லினக்ஸ் கைபேசியிலும் அது ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்தது. பிறகு ஒரு நாள் அறிவிப்பு வந்தது: இனி ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தையும் வங்கியின் செயலியில்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். வங்கியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வங்கியின் வழக்கமாக இருந்தால் வங்கியை மாற்றிக்கொண்டிருப்பேன், இந்தக் கடிதமும் தேவைப்பட்டிருக்காது.

ஆண்ட்ராய்டு செயலிகளை லினக்ஸ் கைபேசிக்குள் ஒரு தனி அறை போட்டு ஓடவிடும் வேட்ராய்டு என்ற வசதி உண்டு. பல செயலிகள் அதில் ஒழுங்காக ஓடுகின்றன. வங்கிச் செயலி திறந்த உடனே மூடிக்கொண்டது. காரணம் இதுதான்: பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சேவையை அழைத்து, இந்தக் கருவி கூகுளின் சான்று பெற்றதா என்று செயலி கேட்கிறது. இல்லை என்று பதில் வந்தால் கதவைச் சாத்திவிடுகிறது. என் கெர்னல் எவ்வளவு புதியது, நான் எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இல்லை.

வங்கிக் கிளைக்குப் போய் விவரத்தைச் சொன்னேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் பரிவோடு சொன்னார்: “வீட்டில் வேறு யாரிடமாவது ஆண்ட்ராய்டு போன் இருக்குமே அம்மா, அதில் போட்டுக்கொள்ளுங்களேன்.” என் கணவர் பயன்படுத்தி ஓரங்கட்டிய பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று அலமாரியில் இருந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆன போன் அது. வங்கிச் செயலி அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்துகொண்டது. இன்றைக்கும் என் பணத்தை அந்தப் போனில்தான் ஒப்புதல் கொடுத்து அனுப்புகிறேன். வாராவாரம் திருத்தங்கள் பெறும் கருவி ஆபத்தானதாம், யாரும் கவனிக்காத கருவி பாதுகாப்பானதாம். பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் இந்தக் கூத்து எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது.

வங்கிகளின் பக்கத்திலும் நியாயம் இருப்பதை நான் அறிவேன். செயலியை அப்படியே நகலெடுத்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு செயலி மற்றொன்றின் தரவைத் தொடாதபடி பிரித்துவைப்பதில் ஆண்ட்ராய்டு பல லினக்ஸ் கைபேசிகளைவிட வலுவானது என்பதும் மெய். குறுஞ்செய்தி ஓடிபியையே நம்பியிருக்கச் சொல்லவும் நான் வரவில்லை. சிம் அட்டையை மோசடியாக மாற்றி வாங்கி அதைக் கைப்பற்றுகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் கூகுள், ஆப்பிள் என்ற இரண்டு நிறுவனங்களின் இயங்குதளங்கள் ஓடும் கைபேசிகளுக்கு மட்டும் வாசலைத் திறப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பது சரியில்லை. வழிகள் நெடுநாளாகவே இருக்கின்றன.

முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு மறைசாவியையும் அந்த நிமிடத்தின் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரு பக்கத்திலும் ஒரே எண் வரும். அதற்கு இணையம் வேண்டாம், சிம் வேண்டாம், யாருடைய சான்றும் வேண்டாம். 2011இலேயே பொதுத் தரமாக வெளியிடப்பட்ட முறை இது. எவரும் உரிமம் கேட்காமல் தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். என் மின்னஞ்சலுக்கும் வேறு பல கணக்குகளுக்கும் இந்த எண்ணைத்தான் லினக்ஸ் கைபேசியிலிருந்து தருகிறேன். இதிலும் ஒரு பலவீனம் உண்டு. போலி இணையதளத்தில் ஏமாந்து எண்ணைத் தட்டினால் திருடன் அதை உடனே பயன்படுத்திவிடலாம். அதையும் தடுக்க வேண்டுமென்றால் யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இருக்கிறது. வெப்ஆத்தன் என்ற அந்தத் தரத்தை 2019இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அங்கீகரித்தது. சாவி தான் பதிவான இணைய முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும், போலித் தளத்துக்குச் சொல்லாது. எந்தக் கணினி, எந்தக் கைபேசி என்று அதற்குப் பேதமில்லை. இவற்றில் ஒன்றை மாற்றுவழியாக வைத்துக்கொள்ள விரும்பும் வாடிக்கையாளரை வங்கி ஏன் மறுக்க வேண்டும்?

வங்கியோடு இது நிற்கவில்லை. வாட்ஸ்அப்பைக் கணினியின் உலாவியில் திறக்க முடிகிறது, ஆனால் கணக்குக்கு முதன்மைக் கருவி என்று ஒரு கைபேசி வேண்டும். லினக்ஸ் கைபேசிக்கு அவர்கள் செயலி தருவதில்லை. குடும்பத்தாரை மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் பழக்கிவிட்டேன், அவர்கள் என்னோடு இசைந்துபோகிறார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு குடும்பம் வாய்க்காது. பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புச் சங்கங்கள் என்று ஒவ்வொன்றாகச் செயலிக்குள் குடிபுகுகின்றன. முன்பு இணையப் பக்கத்தில் நிரப்பிய படிவம் இப்போது செயலியில் மட்டும் கிடைக்கிறது. அந்தச் செயலிகளில் பலவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது அதே இணையப் பக்கம்தான்.

கடந்த காலத்தையும் கட்டுரையாளர் கொஞ்சம் எண்ணிப்பார்த்திருக்கலாம். நோக்கியாவின் என்900 2009இல் வந்தது. அதன் மேமோ இயங்குதளம் லினக்ஸ்தான். 2013இல் மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கைபேசிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, கணினிகளுக்கான உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் உபுண்டு டச்சை அறிவித்தது, 2017இல் கைவிட்டது. அதன் பிறகு தன்னார்வலர்கள்தான் எடுத்து வளர்க்கிறார்கள். லினக்ஸ் இல்லை என்றாலும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் கைபேசியையும் இந்த வரிசையில் வைக்கலாம். அத்தனை பணமும் ஆளும் இருந்த நிறுவனமே தோற்றது, வேண்டிய செயலிகள் வந்துசேரவில்லை என்பது அந்தத் தோல்வியின் பெரிய காரணம். இன்றைக்கு லிப்ரெம் 5, பைன்ஃபோன் போன்றவற்றை லினக்ஸுக்கென்றே செய்திருக்கிறார்கள். ஒலிவாங்கியையும் படக்கருவியையும் வன்பொருள் அளவிலேயே அணைக்கும் சுவிட்சுகள் அவற்றில் உண்டு. மென்பொருளை நம்பாமல் விரலால் தள்ளி அணைக்கலாம். இப்படிப்பட்ட கருவியைச் செய்கிறவர்களிடம் வங்கிச் செயலி எங்கே என்று கேட்பது, சாலை போடாத ஊருக்கு வண்டி ஏன் வரவில்லை என்று வண்டிக்காரரைக் கேட்பது போல இருக்கிறது.

ஆகவே உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். புதிய கைபேசிகளை மதிப்பிட்டு எழுதும்போது, எத்தனை ஆண்டு புதுப்பிப்பு கிடைக்கும், அதன் பிறகு வேறு இயங்குதளம் போட உரிமையாளருக்கு அனுமதி உண்டா என்ற இரண்டையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். வேறு இயங்குதளத்தைத் தடுக்கும் பூட்டைத் திறக்க அனுமதிக்காத கைபேசியில் நான் செய்ததை யாராலும் செய்ய முடியாது. வாங்கும் முன் அது மக்களுக்குத் தெரிய வேண்டும்.

வங்கிகளிடமும் பொதுச்சேவை நிறுவனங்களிடமும் உங்கள் செய்தியாளர்கள் பேசும்போது, உலாவி வழியை மூடிவிட்டீர்களா, மூடியிருந்தால் ஏன், பாதுகாப்புச் சாவியை ஏற்பீர்களா என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வாசகி கேட்டால் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரே மாதிரியான பதில் வருகிறது. ஒரு நாளிதழ் கேட்டால் யாராவது பொறுப்பானவர் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது உங்கள் இணையதளத்தைப் பற்றியது. காலையில் உங்கள் நாளிதழை என் கைபேசியின் உலாவியில்தான் படிக்கிறேன். சில வாரங்களாக, செய்தியைத் திறந்ததும் செயலியை நிறுவச் சொல்லும் பெட்டி திரையின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்கிறது. அதை மூடும் குறி என் திரையின் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. கைபேசியைக் குறுக்காகத் திருப்பினால்தான் விரலுக்கு எட்டுகிறது. புதிய செய்திகளைத் தானே கொண்டுவந்து தரும் உங்கள் செய்தியோடையும் (ஆர்எஸ்எஸ்) அதே சமயத்தில் நின்றுபோனது. பெட்டியைச் சிறிதாக்கி, செய்தியோடையை மறுபடி திறந்துவிடும்படி உங்கள் இணையப் பிரிவினரிடம் சொல்லுங்கள். திரைப்பிடிப்போடு விவரத்தை எழுதி அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகி ஒருவர்